அடைக்கலமாக வந்த பூனை

பெங்களூரில் பண்டிகை நெருங்கினால் நகரம் பாதி காலியாகிவிடும். ஹுப்பள்ளி, தார்வாட், மங்களூரு, சேலம், திருச்சி என்று அவரவர் தத்தம் ஊர்களை நோக்கிப் புறப்பட்டுவிடுவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எஞ்சி நிற்பவர்கள் எங்களைப் போன்ற முதியவர்களே. அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஆணியில் மூன்று நான்கு வீடுகளின் திறவுகோல்கள் தொங்கும். ஒரு வீட்டில் துளசிக்கு நீர் வார்க்க வேண்டும்; இன்னொரு வீட்டில் மாலையில் விளக்கைப் போட்டு இரவில் அணைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளியின்போது வந்த திறவுகோலோடு ஒரு பூனையும் வந்தது.

பக்கத்து வீட்டார் தார்வாடைச் சேர்ந்த கன்னடக் குடும்பத்தினர். கணவர், மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை. அவர்கள் பேசும் தமிழும் நாங்கள் பேசும் கன்னடமும் நடுவழியில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும். புறப்படுவதற்கு முதல் நாள் அந்த அம்மையார் வந்து, “அங்கிள், எட்டே நாள்தான். தட்டில் உணவு, கிண்ணத்தில் தண்ணீர், மணல் தட்டைச் சுத்தம் செய்வது, இவ்வளவுதான் வேலை” என்றார். குழந்தை மட்டும் தாயின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “தாத்தா, ராத்திரி அதுக்குப் பயமா இருக்கும்” என்றாள். பெரியவர்கள் சிரித்தோம். அந்த வீட்டில் பூனையை உள்ளபடி அறிந்தவள் அவள் ஒருத்தியே என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஜபம், தியானம், பாராயணம் ஆகியவற்றில் செலுத்தும் கவனத்தை நாம் இத்தகைய சில்லறை வேலைகளில் செலுத்துவதில்லை. ஆனால் சற்று யோசித்தால், கர்மயோகத்தைப் பழகுவதற்கு இதைவிடத் தக்க களம் அரிது என்று தோன்றும். இதில் புகழ் இல்லை, கூலி இல்லை. செய்ததை யாரும் பார்ப்பதில்லை. செய்யாமல் விட்டதையும் யாரும் பார்ப்பதில்லை. பூட்டிய வீட்டுக்குள் நாமும் வாய் பேசாத ஓர் உயிரும் மட்டுமே இருக்கிறோம். அந்தத் தனிமையில் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ அதுவே நம் உண்மையான நிலை.

பிறர் பொருளும் பிறர் உயிரும்

தமிழில் ‘அடைக்கலம்’ என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. தஞ்சமாக வந்தவரையும் அது குறிக்கும். பாதுகாப்பதற்காக ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருளையும் அது குறிக்கும். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே ‘அடைக்கலக் காதை’ என்ற பெயர் பெற்றிருக்கிறது. மதுரைக்குப் புறத்தே, தெய்வத்திற்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பிவரும் ஆயர் முதுமகள் மாதரியிடம் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைக்கிறார். மாதரி எந்தப் பயனையும் எதிர்பார்க்கவில்லை. கண்ணகியைத் தன் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, தன் மகள் ஐயையைத் துணை வைத்து, அன்போடு போற்றுகிறாள். பிறகு நடந்தவற்றில் அவளுடைய குற்றம் எள்ளளவும் இல்லை. ஆயினும், அடைக்கலத்தை இழந்துவிட்டேனே என்ற துயரத்தில் அவள் தீப்பாய்ந்து மடிந்த செய்தியை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்னும் மறையவன் வாயிலாக இளங்கோவடிகள் நமக்குத் தெரிவிக்கிறார். அவளுடைய முடிவை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட ஒரு பொறுப்பு ஒரு சாதாரணப் பெண்ணின் நெஞ்சில் எவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதே அடைக்கலக் காதையில்தான் கீரிப்பிள்ளைக் கதையும் குறிப்பிடப்படுகிறது. தன் குழந்தையைக் காத்த கீரியை ஆராயாமல் கொன்றுவிட்ட பார்ப்பனப் பெண்ணைக் கணவன் பிரிந்து போக, அவளுடைய பாவம் நீங்கத் தானம் செய்து, அந்தக் கணவனோடு மீண்டும் சேர்த்துவைத்தவன் கோவலன். அடைக்கலத்தைப் பற்றிப் பேசும் காதையில், வீட்டு விலங்கொன்றுக்கு இழைத்த அநீதியும் பேசப்படுவது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வடமொழி தர்ம நூல்கள் இதை ‘நிக்ஷேபம்’ என்று அழைக்கின்றன. மனு வகுத்த 18 வழக்கு வகைகளில் கடனுக்கு அடுத்தபடியாக, இரண்டாவது இடத்தில் இருப்பது நிக்ஷேபமே. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் ஒப்படைத்த பொருளைப் பற்றி மூன்றாம் பகுதியில் விரிவாகப் பேசுகிறது. இன்றும் நடைமுறையில் உள்ள 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால், அதே நோக்கு வேறு உடையில் நிற்பதைக் காணலாம். ஒருவர் ஒப்படைத்த பொருளை, சாதாரண அறிவுள்ள ஒருவர் தமது சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு காப்பாரோ அவ்வளவு கவனத்தோடு காக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. 163-ஆம் பிரிவில் ஓர் அழகிய எடுத்துக்காட்டு இருக்கிறது: ஒருவர் தம் பசுவை மற்றொருவரிடம் விட்டுச் செல்கிறார், பசு கன்று ஈனுகிறது, பசுவோடு கன்றையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும். பூனை குட்டி போட்டாலும் இதே நீதிதான். பெரும்பாலானோர் குட்டிகளை மகிழ்ச்சியோடு திருப்பித் தந்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்!

உயிர்களைப் பொறுத்தவரை 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதன் 3-ஆம் பிரிவு விதிக்கும் கடமை உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது. திறவுகோலை வாங்கிய அந்தக் கணத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார். பெங்களூர்வாசிகளுக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. ஜெய்ப்பூரில் 1980-இல் விலங்குகளுக்கு ஒரு புகலிடம் அமைத்த ஆங்கிலேயப் பெண்மணி கிரிஸ்டல் ரோஜர்ஸ், முதுமையில் இந்த நகரத்துக்கு வந்து 1991-இல் ‘கியூப்பா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவில் அடிபட்ட நாயும் பூனையும் இன்றும் அத்தகைய இடங்களில் சிகிச்சை பெறுகின்றன.

தக்ஷிணேசுவரத்துப் பூனை

பிறருடைய பூனையைப் பொறுப்பேற்றுக்கொண்ட ஒருவரின் வரலாறு ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. காளிக்குப் படைக்க வேண்டிய நிவேதனத்தை அவர் பூனைக்கு ஊட்டியதும், கோயில் அதிகாரி மதுர்பாபுவிடம் புகார் எழுதியதும் பலருக்கும் தெரியும். அனைத்துமாக ஆகியிருப்பவள் அன்னையே என்று கண்ட நிலையில் அவர் செய்த செயல் அது. நாம் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் மற்றொரு நிகழ்ச்சி நம் எட்டும் தூரத்தில் உள்ளது.

ஒரு பூனை குட்டிகளோடு அவருடைய அறையில் வந்து தங்கிவிட்டது. தம்மிடம் தஞ்சம் புகுந்த அந்தப் பூனைக்குப் போதிய உணவு கிடைக்கவில்லையே, யாராவது துன்புறுத்திவிடுவார்களோ என்று அவர் கவலைப்பட்டார். நவகோபால் கோஷின் துணைவியார் நிஸ்தாரிணி தரிசனத்துக்கு வந்தபோது, எனக்காக ஒரு காரியம் செய்வாயா என்று கேட்டு, தாயையும் குட்டிகளையும் அவரிடம் ஒப்படைத்தார். நிஸ்தாரிணி அவற்றைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். விஷயம் அத்தோடு முடியவில்லை. பிறகு அந்த அம்மையார் வரும்போதெல்லாம் குருதேவர் பூனைகளைப் பற்றி விசாரித்தார். குட்டிகளை யாருக்குக் கொடுத்தாய், அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது இந்த விசாரிப்புதான். ஒப்படைப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஏற்றுக்கொண்டவருக்கு உண்மையைச் சொல்லும் கடமை உண்டு. “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று ஏற்றவர் முகம் சுளிக்கலாகாது. நிஸ்தாரிணிக்கு அந்தக் கேள்விகள் சுமையாக இருந்ததாகத் தெரியவில்லை. அவற்றையே அவர் பின்னாளில் பொக்கிஷமாக நினைவுகூர்ந்தார்.

முதற் சோதனை

எங்கள் வீடு புலால் உண்ணாத வீடு. பக்கத்து வீட்டார் விட்டுச் சென்ற பூனை உணவில் மீன் இருந்தது. பாக்கெட்டைப் பிரித்ததும் எழுந்த வாசனையில் எனக்குக் குமட்டல் வந்தது. எட்டு நாள்தானே, தயிர்சாதம் பிசைந்து வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். கிராமத்தில் எங்கள் பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதம் தின்றே வாழ்ந்தது என்ற ஆதாரமும் கையில் இருந்தது.

பிறகு யோசித்தேன். பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதத்தைத் தின்றது உண்மை. இரவெல்லாம் அது வைக்கோற்போரில் எலி பிடித்ததும் உண்மை. மூன்றாம் மாடியில் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு எலி ஏது? பூனை புலாலுண்ணியாகவே படைக்கப்பட்ட உயிர். டாரின் என்ற சத்து அதன் உடலில் போதிய அளவு உண்டாவதில்லை. இறைச்சியிலிருந்தே அதைப் பெற வேண்டும். அது தொடர்ந்து குறைந்தால் பூனைக்குப் பார்வை கெடும். இதயத் தசை பலவீனமடையும் என்பதையும், டாரினைக் கொடுத்தால் அது தேறும் என்பதையும் 1987-இல் கலிபோர்னியாவில் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். எட்டு நாளில் இதெல்லாம் நிகழ்ந்துவிடாது என்பது சரி. ஆனால் பாலோ, திடீரென மாறிய உணவோ எட்டே நாளில் வயிற்றைக் கெடுத்துவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. பூனை என்றால் பால் என்று நாம் நினைப்பது கதைகளின் வேலை. பாற்கடலை நக்கிக் குடிக்க முயன்ற பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொண்டதும் சேர்ந்து அந்த எண்ணத்தை நம்முள் ஆழமாகப் பதித்துவிட்டது போலும்.

புலால் மறுத்தல் எனக்குரிய விரதம். அதைப் பூனையின் மீது சுமத்த எனக்கு அதிகாரம் இல்லை. மீனைத் தொட மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது; ஆனால் அதைத் திறவுகோலை வாங்குவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவர்கள் வேறு ஒருவரைத் தேடியிருப்பார்கள். இயலாது என்று பணிவோடு மறுப்பதும் தர்மமே. வாங்கிய பிறகு நமது விருப்பப்படி மாற்றிக்கொள்வதுதான் பிழை. ஒரு நீண்ட கரண்டியை அதற்கென்றே ஒதுக்கினேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். முதல் நாள் பூனை வந்து உண்டது. இந்தச் சோதனையில் தேறிவிட்டேன் என்ற திருப்தி எழுந்தது. அந்தத் திருப்திதான் அடுத்ததற்கு வழி வகுத்தது.

‘எல்லாம் நலம்’

மறுநாள் நரக சதுர்த்தசி. விடியற்காலை நான்கு மணியிலிருந்து வெடிச் சத்தம். எங்கள் வீட்டுக்கு உறவினர் வந்திருந்தனர். மாலையில் அவசரமாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். கிண்ணத்தில் காலையில் வைத்த உணவு அப்படியே இருந்தது. எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தேன். மணல் தட்டு சுத்தமாக இருந்தது; வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன். ‘பூனை நலம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். மூன்றாம் நாளும் இதே கதை. அன்று ஒரு படி கீழே இறங்கினேன்: கதவைத் திறப்பதற்கு முன்பே, என் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே, ‘எல்லாம் நலம்’ என்று அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள், பலிபாட்யமி. என் மனைவியும் உடன் வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், மணல் தட்டைப் பார்த்தாள். “பூனை எங்கே?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாட்களாக நான் பூனையைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடமைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காக அந்தப் பட்டியலோ அந்த உயிரைப் பார்க்கவில்லை. பூஜையில் உபசாரங்கள் பதினாறையும் வரிசை தவறாமல் செய்துவிட்டு, எதிரே இருக்கும் தெய்வத்தை ஒரு கணமும் நினையாமல் எழுந்துவரும் என் வழக்கம் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து கூசச் செய்தது.

ஒரு மணி நேரம் தேடினோம். கட்டிலின் அடியில் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இல்லை. பால்கனியில் புறாக்களுக்காகக் கட்டிய வலை கிழியாமல் இருந்ததில் சிறு ஆறுதல். மாடி வீடுகளின் சன்னல்களிலிருந்து பூனைகள் தவறி விழுவது நகரங்களில் அடிக்கடி நிகழ்வதே. ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடு என்றாள் மனைவி. காலை வரை பார்க்கலாமே, வீணாக அவர்களைக் கலவரப்படுத்துவானேன் என்றேன். அது கருணை போல ஒலித்தாலும் உள்ளே இருந்தது அச்சமும் கௌரவமும்தான். ‘நலம்’ என்று இரண்டு முறை எழுதிய கை அல்லவா? அவள் சொன்னாள்: “பூனை அவர்களுடையது. அதைப் பற்றிய செய்தியும் அவர்களுடையதுதானே?”

அழைத்தேன். பூனையைக் காணவில்லை என்பதை மட்டுமல்ல, அந்த இரண்டு செய்திகளும் பார்க்காமல் எழுதியவை என்பதையும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பின்னாலிருந்து குழந்தையின் குரல் கேட்டது: “தாத்தா, பரண்ல பாத்தீங்களா? பட்டாசு வெடிச்சா அது பெரிய சூட்கேசுக்குப் பின்னாடி போயிடும்.”

குளியலறைக்கு மேலிருந்த பரணில், சூட்கேசுக்கும் சுவருக்கும் இடையே, இரண்டு கண்கள் தெரிந்தன. காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அறியாமையும் ஒருவகைக் கொடுமை

மூடியுள்ள கூடையில் வைத்து, மேலே துணி போர்த்தி, ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். நாம் நினைப்பதுபோல் பூனை பல நாள் பட்டினியைத் தாங்கும் பிராணி அன்று என்றார் அவர். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே உண்ணாவிட்டால் உடற்கொழுப்பு ஈரலில் சென்று படிந்து ஈரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும். கொழுத்த பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எங்கள் பூனை நன்கு கொழுத்த பூனை. தோலுக்கடியில் நீர்மருந்து ஏற்றினார். உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கி வைக்கச் சொன்னார். மணம் எழுந்தால்தான் பூனைக்குப் பசி தூண்டப்படும்.

அன்பு இருந்தால் போதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அறியாத அன்பு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு அவர் கூறிய செய்திகளே சான்று. காய்ச்சல் போல் தெரிகிறதே என்று நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தால், ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறித்துவிடலாம். அதைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்குப் போதிய அளவு இல்லை. பூச்சாடியில் அலங்காரமாக வைக்கும் லில்லி மலர் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் குளத்து அல்லி அன்று, பூங்கொத்துகளில் வரும் லில்லி. ஆண் பூனை மணல் தட்டில் நெடுநேரம் முக்கிக்கொண்டு, சிறுநீர் வராமல் தவித்தால் ‘நாளை பார்க்கலாம்’ என்று விடலாகாது. அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடும். இவற்றையெல்லாம் அறிந்தபோது, சுத்தமாக இருந்த அந்த மணல் தட்டைப் பார்த்து நான் மகிழ்ந்தது நினைவுக்கு வந்தது.

நம் பக்கத்திலும் சில எச்சரிக்கைகள் உண்டு. மணல் தட்டைத் தொட்டபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கருவுற்ற பெண்கள் அந்த வேலையைச் செய்யாதிருப்பது நல்லது. அச்சத்தில் இருக்கும் பூனையைப் பிடித்து இழுத்தால் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பரணிலிருந்து அதை இறக்கும்போது என் மனைவி தடித்த போர்வையைக் கொண்டு சுற்றி எடுத்தாள். நானாக இருந்தால் பிடரியைப் பிடித்துத் தூக்கியிருப்பேன். வளர்ந்த பூனையை அப்படித் தூக்கலாகாது.

பிடரியைப் பிடிப்பது என்றதும் மார்ஜார நியாயம் நினைவுக்கு வரும். குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் பற்றிக்கொள்கிறது. வைணவத்தில் வடகலை, தென்கலை இரண்டையும் விளக்க இந்த உவமைகள் வழங்கிவருகின்றன. தாய் எங்கே வைத்தாலும், அடுப்படியிலோ மெத்தையிலோ, குட்டி அங்கேயே கிடந்து ‘மியாவ்’ என்று கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் அறியாது என்று ஸ்ரீராமகிருஷ்ணரும் இதை விரும்பி எடுத்துச் சொல்வார். இந்த உவமையைக் கேட்கும்போது நாம் எப்போதும் நம்மைக் குட்டியின் இடத்தில் வைத்துப் பார்க்கிறோம். தாயின் இடத்தில் ஒரு கணம் நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். முற்றிலும் தன்னை ஒப்படைத்துவிட்ட ஓர் உயிரின் முன்னே, ஒப்படைக்கப்பட்டவருக்கு அலட்சியம் காட்ட இடமே இல்லை.

இரவு பக்கத்து வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மூலையில் ஜபமாலையோடு அமர்ந்தேன். பூனையை உற்றுப் பார்த்தால் அது மிரளும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் சுவரைப் பார்த்தே அமர்ந்திருந்தேன். அன்றைய ஜபத்தில் எத்தனை எண்ணிக்கை தவறியது என்று கேட்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் கிண்ணத்தில் நாக்கு படும் மெல்லிய ஓசை கேட்டது.

திருப்பிக் கொடுத்தல்

எஞ்சிய நாட்கள் எளிதாகக் கழிந்தன. நான் உள்ளே நுழைந்ததும் அது வாலை உயர்த்திக்கொண்டு வரும், காலில் உரசும். அப்போது இன்னொரு அபாயம் மெல்லத் தலைகாட்டியது. அவர்கள் இன்னும் இரண்டு நாள் தாமதமாக வந்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டேன்.

பாகவதத்தில் வரும் பரதரின் கதை நாம் அறிந்ததே. அரசைத் துறந்து காட்டுக்குச் சென்றவர், ஆற்றில் தத்தளித்த மான்குட்டியைக் காப்பாற்றினார். அதுவரை குற்றமில்லை, காப்பாற்றாமல் விட்டிருந்தால்தான் குற்றம். ஆனால் சிறிது சிறிதாக அது ‘என் மான்’ ஆயிற்று. இறக்கும் தறுவாயிலும் அதையே நினைத்தபடி உயிர் நீத்து, மானாகவே பிறந்தார். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டி மாடு வாங்கி, மாட்டுக்குப் புல் வேண்டி நிலம் வாங்கிய சாதுவின் கதையிலும் பூனை வருகிறது. இவற்றைக் கேட்டுவிட்டு, ஆகவே எந்த உயிரோடும் ஒட்டாதிருப்பதே பாதுகாப்பு என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு சரியென்று எனக்குத் தோன்றவில்லை. முதல் மூன்று நாட்களும் நான் ஒட்டாமல்தான் இருந்தேன். அதற்குப் பெயர் வைராக்கியம் அன்று, அலட்சியம். பணக்காரர் வீட்டுப் பணிப்பெண் எசமானரின் குழந்தையை ‘என் ராஜா’ என்று கொஞ்சி வளர்த்தாலும், அது தன் குழந்தை அன்று என்பதை உள்ளூர அறிந்திருப்பாள் என்று குருதேவர் சொல்வார். அங்கே அன்பில் குறைவில்லை. உரிமை கோருதல் மட்டுமே இல்லை. பிறர் வீட்டுப் பூனை அந்த நிலையைப் பழகக் கிடைத்த நல்வாய்ப்பு. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நாட்காட்டியிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது.

அவர்கள் வந்தார்கள். நடந்தது அனைத்தையும் மீண்டும் ஒருமுறை சொன்னேன். தீபாவளியில் பூனை ஒளிந்துகொள்ளும் என்பதை நாங்களும் சொல்ல மறந்துவிட்டோம் என்று அந்த அம்மையார் வருந்தினார். மருத்துவச் செலவையும் ஆட்டோ கூலியையும் கொடுக்க முன்வந்தபோது, வேண்டவே வேண்டாம் என்று மறுத்தேன். என் மனைவி பேசாமல் வாங்கிக்கொண்டாள். ஊதியமின்றிப் பொருளைக் காப்பவர் செய்த அவசியச் செலவை உரிமையாளர் தர வேண்டும் என்று 158-ஆம் பிரிவு சொல்வதை நான் பிறகுதான் படித்தேன். அவளுக்கு அந்தப் பிரிவெல்லாம் தெரியாது. மறுத்தால் அவர்கள் நமக்குக் கடன்பட்டவர்களாகிவிடுவார்கள், அடுத்த முறை கேட்கத் தயங்குவார்கள் என்றாள். என் மறுப்பில் தானம் இருந்ததை விட, ‘நலம்’ என்று எழுதிய குற்றத்தை விலை கொடுத்துத் தீர்க்கும் ஆசையே அதிகம் இருந்தது என்பதை அவள் கண்டுகொண்டாள் போலும்.

பூனை நேரே குழந்தையின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சங்கராந்திக்கு அவர்கள் மீண்டும் ஊருக்குப் புறப்பட்டார்கள். அம்மையார் திறவுகோலைக் கொடுத்தபோது, குழந்தை ஒரு தாளை நீட்டினாள். வண்ணப் பென்சிலால் அந்த வீட்டை வரைந்து, பூனை ஒளியும் இடங்களில் எல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். மொத்தம் ஆறு வட்டங்கள். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டில் திறவுகோல் ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறது.